நட்சத்திரம் போதையில் இறந்தால் நம் வீட்டில் எழும் கேள்விகள்

ஹாலிவுட் நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபர் 28ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில், தன் வீட்டு வெந்நீர்த் தொட்டியில் இறந்து கிடந்தார். வயது 54. சிங்கப்பூரிலும் ஒரு தலைமுறையே அவர் நடித்த 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தது. முக்கியக் காரணம் கெட்டமின் என்ற மயக்க மருந்து என்று பிரேதப் பரிசோதனை சொன்னதும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் தீர்ப்பு வந்துவிட்டது: "காசுக் கொழுப்பு", "அவனே தேடிக்கிட்டது". அதற்கு முன்னாலும் பின்னாலும் எந்த நடிகர், எந்தப் பாடகர் போனாலும் இதே பேச்சுதான்.

போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களின் குடும்பங்களோடு தொண்டூழியராகப் பழகுகிறேன். இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து, மாத்திரை பற்றியெல்லாம் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

அவரிடம் இல்லாத காசா? நல்ல சிகிச்சை எடுத்துப் பிழைத்திருக்கலாமே?

எடுத்தார். குடியையும் மாத்திரையையும் விடுவதற்காக 90 லட்சம் அமெரிக்க டாலர் வரை செலவழித்திருப்பேன் என்று இறப்பதற்கு முந்தைய வருஷம் அவரே பேட்டியில் சொன்னார். 14 வயதில் குடிக்கத் தொடங்கியவர். 1997இல் ஒரு ஜெட் ஸ்கீ விபத்து. வலிக்கு விக்கோடின் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு கட்டத்தில் அது நாளைக்கு 55 மாத்திரை என்று ஆனது. இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதினார், பேசினார், மற்றவர்கள் மீள்வதற்குத் தன் வீட்டையே ஒரு காலத்தில் கொடுத்தார்.

அந்தக் காசு இன்னொரு வேலையும் செய்தது. மனச்சோர்வுக்காக அவர் ஒரு மருத்துவ நிலையத்தில் முறைப்படி கெட்டமின் சிகிச்சை பெற்று வந்தார். அளவைக் கூட்டித் தர அங்கே மறுத்ததும் வெளியே தேடினார் என்கிறது அமெரிக்க அரசுத் தரப்பு. ஏறக்குறைய 12 டாலர் பெறுமான குப்பி அவருக்கு 2,000 டாலருக்கு விற்கப்பட்டது. "இந்த முட்டாள் எவ்வளவு கொடுப்பானோ" என்று ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். அது வழக்கு ஆவணத்திலேயே இருக்கிறது. ஊசி போட்டது வீட்டு உதவியாளர். 2024 ஆகஸ்டில் ஐந்து பேர் மீது நடவடிக்கை என்று அறிவித்தார்கள். 2025க்குள் ஐந்து பேருமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

தேடியது அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் "அவனே தேடிக்கிட்டது" என்று சொல்லி முடிக்கும்போது அந்தக் குறுஞ்செய்தி அனுப்பிய ஆள் நம் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்.

சரி, இது நோயா, கொழுப்பா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தை என்றால் நோய். ஆனால் அந்த வார்த்தையோடு நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

முதல் கிளாஸை யாரும் வாயில் ஊற்றுவதில்லை. அது விருப்பம், அல்லது வலி, பழக்கதோஷம், நண்பர்கள். குடிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் குடிக்கு அடிமையாவதும் இல்லை. சிலர் மட்டும் ஏன் ஆகிறார்கள் என்றால், அதில் ஏறக்குறைய பாதி பரம்பரைக் கூறு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மீதியில் சிறுவயதுத் துன்பம், மனநோய், எவ்வளவு சின்ன வயதில் தொடங்கினார், எவ்வளவு எளிதில் கிடைத்தது என்று பல விஷயங்கள் உண்டு. தொடர்ந்து எடுக்க எடுக்க மூளை மாறுகிறது. பசி, தாகம் மாதிரி "இது இல்லாமல் முடியாது" என்று உந்தும் பகுதி பலப்படுகிறது. "வேண்டாம், நாளைக்கு வேலை இருக்கிறது" என்று தடுக்கும் பகுதி பலவீனப்படுகிறது. விட வேண்டும் என்று மனசார நினைத்தும் விட முடியாத நிலை அதுதான்.

என்னிடம் பேசிய ஒருவர், சம்பளம் வந்த அன்று மனைவியின் கையில் ஏடிஎம் அட்டையைக் கொடுத்து "நான் கேட்டாலும் தராதே" என்று சொல்லிவிட்டு, அன்று இரவே அதைத் தேடி அரிசி வாளிக்குள் கைவிட்டவர். காலையில் பேசியதும் அவர்தான், இரவில் தேடியதும் அவர்தான். இரண்டுமே பொய் இல்லை. இதைக் கொழுப்பு என்று சொல்பவர்கள் அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும்.

நோய் என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுப்பே இல்லை என்றாகிவிடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேர் அடிபட்டவர்கள். அப்பா குடித்தவர், அண்ணன் தாலியை அடகு வைத்தவர். அவர்களிடம் போய் மூளை, டோபமின் என்று வகுப்பெடுப்பது எனக்குப் பிடிக்காது.

பொறுப்பு இருக்கிறது. நோய் வந்ததற்கு முழுப் பொறுப்பும் அவர் மேல் இல்லை. சிகிச்சைக்குப் போவதும், போன பிறகு நிலைத்து நிற்பதும், செய்த சேதத்தை ஒப்புக்கொள்வதும் அவர் பொறுப்பு. குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரை இடித்தால் நோய் என்று நீதிமன்றத்தில் தப்ப முடியாது, தப்பவும் கூடாது. மனைவியை அடித்தவர் அடித்தவர்தான். மீண்டு வந்தவர்களே இதை மற்ற எல்லாரையும்விடக் கறாராகச் சொல்வார்கள்.

மன்னிப்பு வேறு கணக்கு. அப்பாவுக்கு நோய் என்று புரிந்துகொண்டதால் மகள் அவரை மன்னித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பல வருஷம் விட்டிருந்தவர்கள் திடீரென்று இறக்கிறார்களே, எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நடிகர் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் 22 வயதில் போதையை விட்டவர். 23 வருஷம் தொடாமல் இருந்தார். மறுபடி தொட்டார், 2014 பிப்ரவரியில், 46 வயதில், ஹெராயினோடு வேறு சில போதைப்பொருள்களும் கலந்து உயிர் போனது. பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2011 ஜூலையில், 27 வயதில் இறந்தபோது அவர் எடுத்திருந்தது மது மட்டும்தான். சில வாரங்கள் குடிக்காமல் இருந்துவிட்டு மறுபடி குடித்திருந்தார். இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 416 மில்லிகிராம் மது. சிங்கப்பூரில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதி 80 மில்லிகிராம்தான்.

காரணம் இதுதான். தினமும் எடுத்துக்கொண்டிருக்கும் உடம்பு பெரிய அளவையும் தாங்கப் பழகிவிடுகிறது. நிறுத்தியதும் அந்தத் தாங்கும் சக்தி சீக்கிரமே குறைந்துவிடும். ஆனால் கைக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும். திரும்பப் போகிறவர் பழைய அளவையே எடுக்கிறார், உடம்போ புது ஆளின் உடம்பு. ஹெராயின் போன்றவற்றில் மூச்சு நின்றுவிடுகிறது.

அதனால்தான் சிறையிலிருந்தோ மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. நம் வீடுகளில் நடப்பது என்ன? உள்ளே இருக்கும்வரை அம்மா வாராவாரம் கும்பிடாத சாமி பாக்கியில்லை. வந்த அன்று பிரியாணி, கோயில், அர்ச்சனை. அடுத்த வாரம் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். வெளியே வந்த தம்பி வீட்டில் தனியாக இருப்பான். கூட ஆள் இருக்க வேண்டிய நேரமே அதுதான்.

யாராவது எழுப்ப எழுப்ப எழாமல், உதடு நீலமாகி, குறட்டை மாதிரி மூச்சு இழுத்தால் "போதை தெளியட்டும், தூங்கட்டும்" என்று விடாதீர்கள். அவசர மருத்துவ ஊர்திக்கு 995ஐ அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். போலீஸ் வருமோ என்ற கணக்கெல்லாம் உயிர் பிழைத்த பிறகு.

நடிகை சாவித்திரிக்கு எல்லாரும் அழுதார்களே. பக்கத்து வீட்டு அக்கா குடித்தால் மட்டும் ஏன் திட்டுகிறோம்?

சாவித்திரிக்கும் அப்போது எல்லாரும் அழவில்லை. ஒன்றரை வருஷத்துக்கும் மேல் நினைவில்லாமல் கிடந்து 1981 டிசம்பர் 26இல் இறந்தார். குடியால் சீரழிந்தார் என்று சொன்னவர்கள் ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் ஜெமினிதான் காரணம் என்றவர்கள் மறு பக்கம். 2018இல் அவர் வாழ்க்கை படமாக வந்த பிறகு இரக்கம் பெருகியது. நகைச்சுவை நடிகர் சந்திரபாபு 1974இல் போனார். அவரைப் பற்றியும் "நல்ல கலைஞன், குடிச்சே செத்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள்.

செத்து நாற்பது வருஷம் ஆனவர்களை நேசிப்பது சுலபம். அவர்கள் நம் வீட்டில் கடன் கேட்க மாட்டார்கள், நடு இரவில் கதவைத் தட்ட மாட்டார்கள். இன்னொன்று, பெண் குடித்தால் நமக்கு இரண்டு மடங்கு கோபம். ஆண் குடித்தால் "வேலைப் பளு". பெண் குடித்தால் வளர்ப்பு சரியில்லை. அதனாலேயே அந்த அக்கா கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார், கல்லீரல் கெட்ட பிறகுதான் வெளியே தெரிகிறது.

செத்த நடிகரைப் பற்றி நான் வாட்ஸ்அப்பில் நாலு வார்த்தை போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அவர் படிக்கவா போகிறார்?

அவர் படிக்க மாட்டார். உங்கள் குழுவில் இருக்கும் இன்னொருவர் படிப்பார்.

ஓர் அம்மா சொன்னது. பெர்ரி செய்தி வந்த அன்று குடும்பக் குழுவில் அவருடைய கொழுந்தனார், "இந்த மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் எதுக்கு சிகிச்சை, சாகட்டும்" என்று குரல் பதிவு போட்டார். கீழே பன்னிரண்டு கட்டைவிரல்கள். அந்தக் குழுவில் அந்த அம்மாவின் மகனும் இருக்கிறான், அவனும் கேட்டான். அவன் ஐஸ் என்ற போதைப்பொருள் (மெத்தம்ஃபெட்டமின்) எடுப்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மறுவாரம் ஆலோசகரிடம் போகலாம் என்று ஒத்துக்கொண்டிருந்தவன், "தெரிஞ்சா சித்தப்பா என்ன சொல்வார்னு கேட்டேல்ல" என்று பின்வாங்கிவிட்டான்.

கொழுந்தனார் கெட்டவர் இல்லை. அவர் பேசியது ஹாலிவுட்டைப் பற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி இரக்கமாகப் பேசினால் சிங்கப்பூர்ச் சட்டத்தையே எதிர்ப்பது மாதிரி ஆகாதா?

ஆகாது. இங்கே சட்டம் கடுமை. 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை வரை போகும். வெளிநாட்டில் எடுத்துவிட்டு வந்தாலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது குற்றமே. ஆனால் அதே சட்டம் விற்பவரையும் சிக்கியவரையும் ஒரே தராசில் வைப்பதில்லை. 2019இல் திருத்தம் செய்தபோது, போதைப்பொருள் உட்கொண்டதைத் தவிர வேறு குற்றம் இல்லாதவர்கள் பலமுறை பிடிபட்டிருந்தாலும், நீண்டகாலச் சிறைக்குப் பதில் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திற்குப் போக வழி செய்தார்கள். சட்டமே இவ்வளவு தூரம் பிரித்துப் பார்க்கும்போது நம் வாய்தான் பின்தங்கி நிற்கிறது.

சிங்கப்பூருக்கு ஒரு சூடுபட்ட அனுபவமும் உண்டு. ஹெராயினை விடுவதற்கு மாற்று மருந்தாக 2002இல் சுபுடெக்ஸ் வந்தது. அதையே கரைத்து ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். தேக்கா, சிராங்கூன் பக்கம் பழைய ஆட்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 2006 ஆகஸ்டில் அதையும் தடைசெய்யப்பட்ட பட்டியலில் சேர்த்தார்கள். அதில் இருக்கும் பியூபிரெனார்ஃபின்தான் பெர்ரியின் உடம்பிலும் இருந்தது. அங்கே அது முறையான சிகிச்சை மருந்து. ஒரே மருந்து இரண்டு ஊரில் இரண்டு விதமாகப் போனதைப் பார்த்தால், மருந்தை மட்டும் நம்பியோ தண்டனையை மட்டும் நம்பியோ இருக்க முடியாது என்பது புரியும்.

குடி சட்டப்படி சரிதானே? அதையும் ஏன் சேர்க்கிறீர்கள்?

உடம்புக்குச் சட்டம் தெரியாது. 2013 டிசம்பர் லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30 முதல் காலை 7 வரை கடைகளில் மது வாங்கிக்கொண்டு போக முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் முடியாது. அது தெருவில் குடிப்பதைத்தான் தடுத்தது. வீட்டுச் சோஃபாவில் குடிப்பவரை எந்தச் சட்டமும் தொடாது, நம் வீடுகளில் அதிகம் பார்ப்பதோ அவரைத்தான்.

கேபாட் பற்றி?

பிள்ளைகள் வேப் என்று சொல்லிப் பிடிப்பதில் மயக்க மருந்தான இட்டோமிடேட் கலந்து வருவதுதான் கேபாட். 2025 செப்டம்பர் 1 அன்று இட்டோமிடேட்டைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். தாமாக முன்வந்து வேப் பழக்கத்தை விட உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்றும் அரசாங்கம் அப்போது அறிவித்தது. பையில் கண்டால் முதலில் அறையாதீர்கள், உட்கார வைத்துப் பேசுங்கள்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடுமா?

வேண்டாம். இன்னொரு வீட்டுப் பெண்ணைச் சிகிச்சையாகப் பயன்படுத்தாதீர்கள். ஊருக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டுவது, மாலை போட வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். நம்பிக்கை பலம் தரும். சிலர் நாற்பத்தெட்டு நாள் சுத்தமாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மாலையைக் கழற்றும் நாளுக்கு என்ன ஏற்பாடு என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். மேலே சொன்ன தாங்கும் சக்தி விஷயம் இதற்கும் பொருந்தும்.

பாட்டிலைப் பிடுங்கி ஒரேயடியாக நிறுத்த வைக்கலாமா?

பல வருஷமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் கூடாது. திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை என்று ஆரம்பித்து வலிப்பு, பிதற்றல், இல்லாதது கண்ணில் தெரிவது வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. குடியால் சாகாதவர் குடியை நிறுத்திய விதத்தால் செத்த கதை உண்டு. பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ சொல்லி, கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது, குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன.

காசு கேட்டால் கொடுக்கலாமா?

கையில் கொடுக்காதீர்கள். சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், மின்சாரக் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள். அவருடைய வட்டிக் கடனை அடைக்கப் போவதற்கு முன் யாரிடமாவது கலந்து பேசுங்கள். ஒரு முறை அடைத்தால் அடுத்த முறையும் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

எங்கே போவது? மருத்துவர் காட்டிக்கொடுத்துவிடுவாரா?

நேர்மையாகச் சொல்கிறேன். குடி, சூதாட்டம் என்றால் அப்படி எதுவும் இல்லை. போதைப்பொருள் என்றால், ஒருவர் அதற்கு அடிமையானவர் என்று கருதும் மருத்துவர் 7 நாளுக்குள் சுகாதார அமைச்சுக்கும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இதை மறைத்து "போங்க, ஒண்ணும் ஆகாது" என்று அனுப்பி வைப்பது சரியில்லை. போனவர் ஏமாந்துவிட்டதாக நினைத்தால் அப்புறம் யாரையும் நம்ப மாட்டார். அதே சமயம், பிடிபட்டுப் போவதைவிடத் தானாகப் போவது எல்லா விதத்திலும் மேல் என்பதே என் கருத்து. என்ன நடக்கும் என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம்.

புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தில் இதற்கென்றே நேம்ஸ் என்ற தேசியப் பிரிவு இருக்கிறது: 6732 6837. 1972இலிருந்து இயங்கும் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கமான சானா, மீண்டு வருபவர்களோடும் குடும்பங்களோடும் வேலை செய்கிறது. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவில் தமிழில் பேசலாம். இந்து அறக்கட்டளை வாரியம் ஆசிரமம் என்ற மறுவாழ்வு இல்லத்தை நடத்துகிறது.

இப்படி இறந்தவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால் என்ன பேசுவது?

புளோக் கீழே பந்தல் போட்டிருப்பார்கள். "மாரடைப்பு" என்பார்கள். மாரடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். "கடைசியா எப்ப உள்ளேயிருந்து வந்தான்?" என்று ஒரு பெரியவர் பெற்ற தாயிடம் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அதே பந்தலில் இறந்தவனோடு வேலை பார்த்த ஒரு பையன் வந்து, "ஆன்ட்டி, எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கத்துக் கொடுத்ததே அண்ணன்தான்" என்றான். அந்த அம்மா அன்று முழுக்க வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இறந்தவர் செய்த நல்ல காரியம் ஏதாவது தெரிந்தால் அதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள்.

இந்தப் பக்கத்தை எங்கள் வீட்டில் குடிப்பவருக்கு அனுப்பலாமா?

இவ்வளவு நீளத்தை அவர் படிக்க மாட்டார். மேலே உள்ள நேம்ஸ் தொலைபேசி எண்ணை மட்டும் அனுப்புங்கள், அதுவும் காலையில், நிதானமாக இருக்கும்போது. அவர் அழைக்காவிட்டால் நீங்கள் அழையுங்கள். அந்த எண்ணில் குடும்பத்தாரும் பேசலாம்.